புதுப்பிப்பு: வேழரும் அரவரும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள்

போன மாதம் என் சீட்டு விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். யானைமலையில் வேழர், நாகமலையில் அரவர், பசுமலையில் ஆவினர் என்று மூன்று இனங்கள். "சரி, இவங்களுக்குள்ள என்ன பகை?" என்று ஒருவர் கேட்டார். பரம்பரைப் பகை என்று மழுப்பினேன்.

தப்பு என்னுடையதுதான். திருவிளையாடற் புராணத்தில், இந்த மலைகளாகிப் போன யானையும் பாம்பும் பசுவும் ஏவப்பட்டது மதுரையின் மேல். தங்களுக்குள் அவை மோதவே இல்லை. கதையை எடுத்தேன், காரணத்தை விட்டுவிட்டேன்.

காரணம் கண்மாயில், அதாவது பாசன ஏரியில் கிடைத்தது. நம் பக்கம் கண்மாய்கள் சங்கிலியாக இருக்கும். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் (உபரி நீர்) பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். அந்த உபரி நீர் வழியும் கலுங்கின் கற்களுக்கு இடையே பலகை போட்டு அடைத்தால் மேலே நீர் தேங்கும், கீழே வயல் காயும். அதோடு நீர்ப்பிடிப்பில் இருக்கும் மேய்ச்சல் நிலமும் மூழ்கும். ஆக, அடைப்பவர் வேழர், காய்பவர் அரவர், மூழ்குபவர் ஆவினர். மூவர் பக்கமும் நியாயம் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. வில்லன் இனம் என்று ஒன்றை வைத்தால் அதை எடுத்து விளையாட யாரும் வருவதில்லை.

ஆட்டத்தில் தண்ணீருக்குப் பதில் புளியங்கொட்டை. வேழரிடம் ஐந்துக்கு மேல் சேர்ந்தால் கரை உடையும், எல்லோருக்கும் நஷ்டம்.

சித்தி பையன்களோடு ஒன்பது ஆட்டம் ஆடியதில் அரவர் ஏழு ஜெயித்தார்கள். 'ராத்திரி மடை திறப்பு' சீட்டு ரொம்ப மலிவு, விலையைக் கூட்ட வேண்டும். அப்புறம், அச்சகத்தில் ஓரத்தைக் கோணலாக வெட்டிவிட்டார்கள். பின்பக்கம் பார்த்தே பயல்கள் சீட்டைச் சொல்லிவிடுகிறார்கள்.