ஏர் கன்னில் காற்று சீறுகிறது, முனை சுழலவில்லை

கேள்வி (மண்டபம்):
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், கரையேற்றிய விசைப்படகுகளின் எஞ்சின் வேலைக்கு எங்கள் பட்டறையின் அரை இஞ்ச் ஏர் கன் (காற்றழுத்தத்தில் நட்டு, போல்ட்டுகளைக் கழற்றி முடுக்கும் கருவி) ஓயாமல் உழைத்தது. பிறகு பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, விசையை அழுத்தினால் காற்று சீறி வெளியேறுகிறதே தவிர முனை சுழலவில்லை. மரக்கட்டையால் தட்டினால் சில நொடிகள் சுற்றி நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் மீட்டர் 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டுகிறது. எஞ்சின் ஆயில் விட்டுப் பார்த்தும் பயனில்லை. இதைச் சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 1 (கீழக்கரை):
தாராளமாக இயலும், தம்பி. உள்ளே ரோட்டாரின் (சுழலும் உருளையின்) காடிகளில் நிற்கும் பிளேடுகள் வெளியே நகர்ந்து சிலிண்டர் சுவரைத் தொட்டால்தான் காற்று அவற்றைத் தள்ளிச் சுழற்றும். துருவும் பிசுக்கும் ஏறி அவை காடியிலேயே ஒட்டிக்கொண்டால், காற்று வழி கிடைத்த பக்கம் போய்விடும். தட்டியதும் சற்றே சுற்றுவது இதற்கு நல்ல அடையாளம். எஞ்சின் ஆயில் கெட்டியானது. அது பிசுக்கைக் கூட்டவே செய்யும்.

முதலில் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். காற்று நுழையும் வாயிலுள்ள சிறு வலையைத் துடைத்து, சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, முனையைக் கையால் இரு பக்கமும் திருப்பி ஊறவிடுங்கள். பிறகு குறைந்த அழுத்தத்தில் சற்று ஓட்டுங்கள். மண்ணெண்ணெய் புகையாகத் தெறிக்கும் என்பதால் வெல்டிங்கோ கிரைண்டரோ அருகில் ஓடக்கூடாது, முகமும் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. இறுதியில் ஏர் டூல் ஆயில் விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பிளேடின் ஓரம் உடைந்திருந்தாலும் முழுத் தொகுப்பையும் மாற்றுவதே முறை. சிலிண்டர் சுவரில் துரு குழியாகத் தின்றிருந்தால் புதிய பிளேடும் விரைவில் தேயும்.

மறுமொழி 2 (தொண்டி):
துருவுக்கு மூலம் தண்ணீர்தான். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நம் கரைக்காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 7 பார் (சுமார் 100 பிஎஸ்ஐ) அழுத்தத்தில் எட்டு கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் அடங்குகிறது. அதாவது ஏறக்குறைய 190 கிராம். மீண்டும் 30 டிகிரிக்குக் குளிர்ந்த பின் அந்தக் காற்று ஏறத்தாழ 30 கிராமைத்தான் தாங்கும், மீதி தண்ணீராகிவிடும். தொட்டி சூடாக இருக்கும்போது நீராவி அப்படியே கடந்து, ஹோஸிலும் கன்னிலும்தான் படியும். ஆகவே நாள்தோறும் தொட்டியின் அடி வால்வைத் திறந்து நீரை வடியுங்கள். கம்ப்ரசருக்கு அருகிலன்றி, சற்றுத் தொலைவில் நீர் பிரிப்பானைப் பொருத்துங்கள்.

உங்கள் 110 என்ற அளவு, கன் ஓடாதபோது எடுத்ததா? கன்னில் காற்று நுழையும் இடத்தில் மீட்டர் மாட்டி, ஓடும்போது பாருங்கள். 90 பிஎஸ்ஐ நிற்க வேண்டும்.

கேட்டவர் (மண்டபம்):
இருவருக்கும் மிக்க நன்றி, அண்ணன்மாரே. மண்ணெண்ணெயில் முழுமையாக இளகவில்லை. திறந்தபோது இரண்டு பிளேடுகள் காடியில் இறுகியிருந்தன, ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது. தொகுப்பை மாற்றினேன். ஆனாலும் ஓடும்போது மீட்டர் 60க்கு இறங்கியது. பெயிண்ட் அடிக்கும் மெல்லிய ஹோஸையே இத்தனை நாளும் மாட்டியிருந்தோம். உள்விட்டம் 10 மில்லிமீட்டர் கொண்ட குட்டையான ஹோஸும் அதற்கேற்ற கப்ளரும் (ஹோஸ் இணைப்பான்) போட்டதும் 90க்கு வந்துவிட்டது. தொட்டியிலிருந்து முதல் நாள் வடிந்த நீர் செம்மண் நிறத்தில் இருந்ததால், தொட்டியின் உட்புறத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்கிறேன். அதுவரை கம்ப்ரசரை ஓட்டப் போவதில்லை.