தடத் தகராறில் அன்பியமே இரண்டாகிவிட்டது: பகைவரை நேசிப்பதை எங்கிருந்து தொடங்குவது?

மாந்தோப்பு, பர்கூர் (கேள்வி)

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

பர்கூர் பக்கம் ஒரு கிளைப்பங்கில் அன்பியப் பொறுப்பு (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் சிறு குழு) என்னிடம் இருக்கிறது. மொத்தம் 24 குடும்பம். அதில் இரண்டு பங்காளி வீடுகளுக்கு நடுவே மாந்தோப்புக்குப் போகிற தடம் பற்றித் தகராறு. பெரியவர் வீட்டார் தடத்தின் குறுக்கே வேலி போட்டுவிட்டார்கள். சின்னவர் வீட்டு டிராக்டர் உள்ளே போக வழியில்லை; காய் பறிப்பு நேரத்தில் கூடை கூடையாகத் தலையில் சுமந்துதான் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோபத்தில் சின்னவர் மகன், "திருவிழாக் கணக்கில் பெரியவர் கை வைத்துவிட்டார்" என்று பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பெரியவர்தான் போன திருவிழாவுக்குப் பொருளாளர்.

இப்போது ஒரு வீடு வந்தால் மற்ற வீடு வருவதில்லை. சொந்தபந்தமும் ஆளுக்கொரு பக்கம். பகைவரை நேசியுங்கள் என்று மறையுரையில் கேட்கிறோம், ஆனால் திங்கட்கிழமை காலையில் அதை எப்படிச் செய்வது என்றுதான் பிடிபடவில்லை. பங்கில் இரண்டு யோசனை ஓடுகிறது. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் இருவரையும் பீடத்தின் முன் அழைத்துக் கைகொடுக்க வைக்கலாம் என்பது ஒன்று. தவக்காலப் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரே இருவரிடமும் பேசி முடிக்கட்டும் என்பது மற்றது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உபதேசியார், காவேரிப்பட்டினம்

இரண்டுமே வேண்டாம் தம்பி.

பூசை நடுவே கூப்பிட்டால் மறுக்க முடியாமல் கை கூப்புவார்கள். வெளியே வந்ததும் "சபை முன்னால் மானத்தை வாங்கிவிட்டார்கள்" என்று பகை இன்னும் இறுகும். சமாதான அடையாளம் அதற்கான இடமும் இல்லை. திருப்பலி நூலின் பொதுப் போதனை 82-ஆம் எண், பக்கத்தில் நிற்பவரோடு மட்டும் அடக்கமாகப் பகிரச் சொல்கிறது. 2014-இல் ரோமிலுள்ள வழிபாட்டுப் பேராயம் அனுப்பிய மடலும் இடம்விட்டு இடம் போகாதீர்கள் என்றே சொன்னது. ஆண்டவர் சொன்ன வரிசையைப் பாருங்கள் (மத்தேயு 5:23-24): காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிடு, முதலில் போய் நல்லுறவு செய்துகொள், பிறகு வந்து செலுத்து. பூசைக்கு முன்னால், கோயிலுக்கு வெளியே முடிய வேண்டிய வேலை இது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து ஃபாதரால் வெளியே ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. திருச்சபைச் சட்டம் 983, 984 அந்த வாசலை முழுசாக அடைத்துவிட்டது. அவர் தலையிட வேண்டுமென்றால் பங்குத்தந்தை இல்லத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்லுங்கள். அங்கே சொன்னால் அவர் கை கட்டுப்படாது.

யார் முதலில் போவது என்பதில்தான் பாதி ஊர்ச் சண்டை வருஷக்கணக்கில் நிற்கிறது. மத்தேயு 5-இல் தப்பு செய்தவன் போக வேண்டும். மத்தேயு 18:15-இல் பாதிக்கப்பட்டவன் போக வேண்டும். ஆக, வீட்டிலேயே உட்கார்ந்து காத்திருக்கும் உரிமையை ஆண்டவர் எவருக்கும் தரவில்லை. இருவரிடமும் இதைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். முதல் நடை தனியாள் நடைதான். துணைக்கு ஆள் கூடாது, மொபைல் ரெக்கார்டு கூடாது. இருட்டிய பிறகு போக வேண்டாம், குடித்திருக்க வாய்ப்புள்ள நேரம் அது. காலை ஏழு, எட்டு மணிக்கு, களத்திலோ மாட்டுக்கொட்டகையிலோ கையில் வேலை இருக்கும்போது பேச்சு சுலபம்.

அது பலிக்காவிட்டால் 18:16, ஒன்றிரண்டு பேரோடு. ஒவ்வொரு தரப்பும் நம்புகிற ஒருவர் ஒருவராக இரண்டு பேர். மாமன் மச்சான், சம்பந்தி வேண்டாம். உட்காரும் இடம் இரண்டு வீட்டிலும் இருக்கக் கூடாது. கோயில் தாழ்வாரமோ பள்ளி அறையோ போதும், பாயில் எல்லோரும் ஒரே மட்டத்தில். ஒருவர் பத்து நிமிடம் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் எதிர்த்தரப்பு, தான் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீங்க வேலி போட்டதால என் மனைவி இடுப்பு வலியோட கூடை சுமந்தாங்கன்னு சொல்றீங்க" என்று பெரியவர் வாயிலிருந்து வந்தாலே பாதிச் சூடு இறங்கும். இரண்டு வீட்டுப் பெண்களும் கட்டாயம் உட்கார வேண்டும். ஆண்கள் மட்டும் பேசி முடித்தது குழாயடியில் மறுநாளே உடையும்.

மூன்றாம் படி, 18:17, திருச்சபையிடம் சொல்வது. அங்கேயும் கேட்காதவனை வேற்றினத்தான்போலவும் வரிதண்டுபவன்போலவும் நினை என்கிற வசனத்தைக் காட்டிச் சிலர் ஒதுக்கிவைக்கப் பார்ப்பார்கள். அந்த நற்செய்தியை எழுதிய மத்தேயுவே வரிதண்டினவர்தான், ஆண்டவர் அவர் வீட்டில் பந்தியில் உட்கார்ந்தார். தண்ணி, பால், சாவு, கல்யாணம் எதையும் நிறுத்த இந்த வசனம் இடம் தரவில்லை.

ஆறாம் படி, தருமபுரி

உபதேசியார் ஐயா சொன்னது சண்டைக்காரர்களுக்கு. நான் மீதி 22 குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பகையை ஊதிக் காப்பாற்றுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

அன்பியத்தில் ஏழு படி நற்செய்திப் பகிர்வு நடத்துகிறீர்கள் அல்லவா? ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, வார்த்தைகளில் தங்குவது, மௌனம், பகிர்வு, ஆறாவதாகச் செயல், ஏழாவதாக மன்றாட்டு. நிறைய இடங்களில் ஆறாம் படி "எல்லோரும் ஒற்றுமையா இருப்போம்" என்று அரை நிமிடத்தில் போய்விடுகிறது. அதைச் செயல் என்று எப்படிச் சொல்வது? யார், என்ன, எந்தக் கிழமை என்று மூன்றும் இருந்தால்தான் நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் அதை வாசித்து, நடந்ததா என்று கேளுங்கள்.

எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சமாரியர் உவமையே அளவுகோல் (லூக்கா 10:33-35). பரிவு கொண்டார் என்று ஒரு சொல்தான் வருகிறது, மற்றதெல்லாம் கைவேலை. அடிபட்டுக் கிடந்தவன் கிட்டே போனார், எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார், கட்டினார், தம் விலங்கில் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோனார், மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்தார், அதற்கு மேல் செலவானால் திரும்பும்போது தருகிறேன் என்றார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. பகையாளி இனத்தான் ஒருவனுக்கு இரண்டு நாள் கூலி, அதோடு வரம்பில்லாத கடன் பொறுப்பு. இதைப் படித்த பிறகும் "மனசு வரலையே" என்பவர்களிடம், மனசு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். பட்ட காயத்தை உணராமல் இருப்பதோ மறப்பதோ நம் கையில் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே ஒத்துக்கொள்கிறது (எண் 2843). கை கால் நம் கையில் இருக்கிறது.

இந்த இரண்டு வீட்டுக்கும் பொருந்துவது விடுதலைப் பயணம் 23:4-5. பகைவனின் மாடு வழிதவறினால் ஓட்டிக்கொண்டுபோய் விடு, வெறுப்பவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிடு. நம் ஊரில் அது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்த மாடு, சேற்றில் சிக்கிய டிராக்டர், எதிர் வீட்டுத் தோப்பில் உடைந்து பீய்ச்சும் சொட்டுநீர்க் குழாய். வால்வை மூடிவிட்டு, "உங்க குழாய் உடைஞ்சிருக்கு, மூடியிருக்கேன்" என்று ஒரு போன். வேறு பேச்சு வேண்டாம். ஒத்தாசை செய்தபடியே பழைய கணக்கை எடுப்பதுதான் இங்கே எல்லோரும் சறுக்கும் இடம்.

அன்பியக்காரர்கள் செய்ய வேண்டியது: ஒரு வீட்டுச் சேதியை மற்ற வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பது. உண்மையான குறையாக இருந்தாலும் தக்க காரணமில்லாமல் மூன்றாம் ஆளிடம் சொல்வது குற்றம் (மறைக்கல்வி 2477). யாராவது தொடங்கினால், "இதை அவங்ககிட்டயே சொன்னீங்களா?" என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே அடங்கும்.

அத்துக்கல், பாலக்கோடு

அக்கா, ஐயா இருவரும் சொன்னது சரி. ஆனால் தடம் தடமாகவே கிடந்தால் அடுத்த காய் பறிப்பில் சண்டை மறுபடி முளைக்கும். அதனால் நிலத்து விஷயம்.

முதலில் இ-சேவை மையத்தில் அத்து (நில எல்லை) காட்ட விண்ணப்பம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து கேளுங்கள், செலவும் சரிபாதி. ஒரு தரப்பு மட்டும் தனியார் சர்வேயரைக் கூட்டிவந்தால் அளவு சரியாக இருந்தாலும் மற்ற தரப்பு நம்பாது. புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) இல்லாத தடம் வழக்கத்தில் இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள். 1882 வசதியுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி 20 ஆண்டு வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு நடந்த தடம் உரிமையாகிறது. கூட்டுச்சொத்து பாகம் பிரிந்தபோது ஒரு பாகத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் 13-ஆம் பிரிவு அவசியத் தடம் தருகிறது. பங்காளி வழக்குக்கு இதுதான் முக்கியம். அந்தத் தடம் எந்த ஓரமாகப் போகலாம் என்று காட்டும் உரிமை, 14-ஆம் பிரிவுப்படி, நிலம் விடுகிறவருக்கே. பெரியவருக்கு இதைச் சொல்லுங்கள். "பிடுங்குகிறார்கள்" என்ற பயம் போய், "நான் காட்டுகிற இடம்" என்று ஆனால் மனம் இளகும்.

பேச்சுவார்த்தையை ஆற அமர இழுக்கவும் கூடாது. 15-ஆம் பிரிவில் சொல்லும் 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். வேலி போட்ட தேதியை இன்றே குறித்துவையுங்கள்.

காய் ஏற்றிய டிரெய்லருக்குப் பத்தடி வேண்டும், திரும்பும் முனையில் பன்னிரண்டு. 200 அடி நீளத் தடத்துக்குப் பத்தடி அகலம் விட்டால் 2,000 சதுர அடி, அதாவது நாலரை சென்ட்டுக்குச் சற்று மேல். 30 அடி இடைவெளியில் நட்ட தோப்பென்றால் வரிசை நடுவே விடலாம், பறிப்பு முடிந்ததும் கவாத்து செய்தால் போதும், ஒரு மரமும் வெட்ட வேண்டாம்.

பேசி முடித்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தட உரிமைப் பத்திரமாகப் பதிந்துவிடுங்கள். வெள்ளைத்தாள் ஒப்பந்தம் அடுத்த தலைமுறைக்கு நிற்காது. ஏற்கெனவே வழக்கு இருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வையுங்கள்: 1987 சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் 21-ஆம் பிரிவின்படி அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும்.

மாந்தோப்பு, பர்கூர்

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பையன் மன்னிப்புக் கேட்கத் தயார், ஆனால் பதிவை அழித்துவிட்டுத் தனியாகப் போய்க் கேட்கிறேன் என்கிறான். போதுமா? இன்னொன்று, அதே கூட்டத்திலேயே நம் அன்பியத்தில் புருஷனிடம் அடிபடுகிற ஒரு பெண்ணையும் கூப்பிட்டு "மன்னித்து வாழ்" என்று சொல்லலாம் என்கிறார்கள்.

உபதேசியார், காவேரிப்பட்டினம்

பையன் விஷயம்: தனியாகக் கேட்பது வேண்டும், அது மட்டும் போதாது. பேர் கெட்டது எங்கேயோ அங்கேயே சரிசெய்ய வேண்டும். பாவமன்னிப்புப் பெற்ற பிறகும் அந்தக் கடமை நிற்கிறது (மறைக்கல்வி 2487). அதே குழுவில், இவ்வளவே எழுதட்டும்: "திருவிழாக் கணக்கு பற்றி நான் போட்டதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கோபத்தில் எழுதினேன். பெரியப்பாவிடமும் பங்கு மக்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." தடம் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது, "ஆனாலும்" என்ற சொல் வரவே கூடாது. கீழே யாரும் கருத்து எழுதாதபடி அட்மின் ஒரு நாள் குழுவைப் பூட்டிவைக்கட்டும்.

பெரியவர் கணக்கைக் காட்ட வேண்டியதும் கடமைதான், மன்னிப்புக்குப் பதிலாக அல்ல. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் பேரம் ஆகிவிடும். ஒரு வாரம் கழித்து ரசீதுப் புத்தகங்களை வரிசை எண்ணோடு, அடிக்கட்டை உட்பட, பங்கு நிதிக்குழு முன் வைக்கட்டும். வரவு செலவை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். குறை இருந்தால் அதை நிதிக்குழு பார்க்கும், வாட்ஸ்அப் பார்க்க வேண்டாம்.

ஆறாம் படி, தருமபுரி

இரண்டாவதற்கு: தயவுசெய்து செய்யாதீர்கள். பலம் சமமாக இருக்கும் இரண்டு வீட்டுக்கு உட்கார்ந்து பேசுவது மருந்து. அடிக்கிறவன் எதிரே அடிபடுகிறவளை உட்கார வைத்தால் அன்றிரவே அடி விழும். பகைவரை நேசி என்பதில் அவருக்குத் தீமை நினைக்காமல் இருப்பதும் வேண்டிக்கொள்வதும் இருக்கிறது. அடிக்கு முதுகைக் காட்டு என்பது இல்லை. அந்தத் தங்கையிடம் நம்பிக்கையான ஒரு பெண் தனியாகப் பேசட்டும், பெண்கள் உதவி எண் 181-ஐக் கொடுக்கட்டும், தங்க ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லட்டும். குழந்தைக்குப் பாலியல் தீங்கு என்று தெரிந்தால் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை, போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும்; குழந்தைகள் உதவி எண் 1098.

சாதி சொல்லி அவமானப்படுத்திய புகாரும் அப்படித்தான். புகார் கொடுத்தவர் வாசலில் அன்பியம் திரண்டுபோய் "கிறிஸ்தவராச்சே, வாபஸ் வாங்குங்க" என்று நிற்பது இன்னொரு அடி. சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றே இந்திய ஆயர் பேரவையின் 2016 தலித் மேம்பாட்டுக் கொள்கை சொல்கிறது. அங்கே நேசம் தொடங்க வேண்டியது பாடற்குழுவிலும் வாசகர் பட்டியலிலும் கல்லறை வரிசையிலும் யார் பேர் இல்லை என்று பார்ப்பதில். பெரிய வியாழனில் பாதம் கழுவ அழைக்கும் பேர்களையும் அப்படியே எழுதுங்கள். 2016 முதல் பெண்களும் வரலாம்.

அத்துக்கல், பாலக்கோடு

கடைசியாக ஒன்று. சர்வேயர் வரும் நாள் தெரிந்ததும் இரண்டு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு ஆளை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு முனை பெரியவர் வீட்டு ஆள் கையில், மறுமுனை அந்தப் பையன் கையில். அளவை உரக்கச் சொல்லி, இருவரும் சரி என்ற பிறகே கல் நடட்டும்.