டி1 படத்தில் தெரியும் வெண்மைக்குக் கலைச்சொல்

செ.:
வணக்கம். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குதல்) நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். மாங்கனீசு பெரும்பாலும் பித்தநீர் வழியாகத்தான் வெளியேறும். ஈரல் கெட்டாலோ, குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போகாமல் பக்கவழியில் கலந்தாலோ, அது ரத்தத்தில் ஏறி மூளையின் ஆழத்தில் உள்ள குளோபஸ் பாலிடஸில் (லத்தீனில் 'வெளிறிய கோளம்') படியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் டி1 வகைப் படத்தில் அப்பகுதி இருபுறமும் வெள்ளையாகத் தெரியும். 'வெளிறுகோள மிகையொளிர்வு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

மு.:
'வெளிறு' வேண்டாம் ஐயா. மரத்தில் வைரம் பாயாத பகுதி வெளிறு. குறள் 503-இல் அறியாமை. மூளையின் பகுதிக்கு அந்தப் பெயரா? 'வெளிர்நீலம்' என்கிறோமே, அந்த 'வெளிர்' போதும்: வெளிர்கோளம். 'ஒளிர்வு'ம் ஆகாது, அங்கே எதுவும் ஒளிவிடவில்லை. 'மிகைவெண்மை' எனலாம்.

த.:
குறள் 844-இல் வெண்மையும் புல்லறிவுதானே அம்மா! அங்கேயே எதிரில் நிற்கும் 'ஒண்மை'யை, அதாவது அறிவுடைமையை, எடுங்கள். ஒள், ஒளி, ஒண்மை எல்லாம் ஒரே வேர். 'மிகையொண்மை'!

மு.:
நோயாளி படித்தால் விளங்குமா?

க.:
வேர் ஒருபுறம் இருக்கட்டும். மாங்கனீசு அயனியில் இணைசேரா எலக்ட்ரான்கள் 5. அவை பக்கத்து நீரின் டி1 நேரத்தை (காந்தத் தூண்டலுக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) குறைப்பதால் குறிகை (சிக்னல்) கூடுகிறது. நாங்கள் அளப்பதும் குறிகையைத்தான்: வெளிர்கோளக் குறிகையை மூளையின் நெற்றிமடலில் உள்ள வெண்பொருளின் (நரம்பிழைத் திசு) குறிகையால் வகுத்து 100-ஆல் பெருக்குவோம். வெண்பொருள் இருக்கும் வாய்பாட்டில் மிகைவெண்மையும் நுழைந்தால் குழப்பம்தான். 'டி1 மிகைக்குறிகை' என்று வையுங்கள். டி1-ஐ விடாதீர்கள், அதே ஸ்கேனின் டி2 வகைப் படத்தில் பெரும்பாலும் மாற்றமே தெரியாது. 'மாங்கனீசுப் படிவு' என்று பெயரிலேயே முடிவு கட்டவும் வேண்டாம். ஸ்கேனுக்காகக் காடோலினியம் என்னும் மாறுபாட்டு மருந்தைப் பலமுறை ஏற்றியவர்களுக்கும் அங்கே குறிகை கூடலாம். கால்சியம் படிந்தாலும் கூடலாம்; அதை சி.டி. காட்டிக்கொடுக்கும்.

வி.:
படிவத்தில் 'சீரம் மாங்கனீசு', அதாவது அணுக்கள் நீக்கிய ரத்தநீரில் உள்ள மாங்கனீசு, என்றிருக்கிறது, முதலில் அதைத் திருத்துங்கள். ரத்தத்திலுள்ள மாங்கனீசில் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. சீரம் பிரிக்கும்போது கொஞ்சம் அணுக்கள் உடைந்தாலே அளவு பொய்யாக ஏறிவிடும். 'முழுரத்தம்' என்று எழுதுங்கள். எஃகு ஊசியிலும் மாங்கனீசு உண்டு. அதனால் முதல் குழாயை வேறு சோதனைக்கு ஒதுக்கிவிட்டு, அடுத்ததை நுண்தனிமங்களுக்கென உள்ள நீலமூடிக் குழாயில் எடுக்க வேண்டும்.

செ.:
நன்றி, திருத்திவிட்டேன். படிவத்தில் 'டி1 படத்தில் வெண்மை கூடித் தெரிதல்', மருத்துவ அறிக்கையில் 'வெளிர்கோள டி1 மிகைக்குறிகை'. நோயாளி மிரளாமலிருக்க ஒரு வரி சேர்க்கலாமா?

க.:
சேர்க்க வேண்டும். அந்த வெண்மையின் அளவை வைத்து ஈரல் கெடுவதால் வரும் மனக்குழப்பத்தின் அளவைச் சொல்ல முடியாது. ஈரல் மாற்று சிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் மெல்ல மங்கும்.

த.:
பெரும்பான்மை முடிவு அதுவானால் தடுக்கவில்லை. 'மிகை'க்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு என்பதை மட்டும் பதிகிறேன். குறிகை குறைந்தால் 'குறைக்குறிகை' என்பீர்களா? நாக்கு இடறும். உயர்குறிகை, தாழ்குறிகை என்று இணையாக வைத்தால் அடுத்த படிவத்துக்கும் உதவும்.