ஆஃப்பீட்டுக்குத் தமிழ்: வியாழனுக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, ஸ்கா இசை பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வியாழனன்று கொடுத்தாக வேண்டும். 'ஆஃப்பீட்' பத்திக்குப் பத்தி வருகிறது. 1950களின் கடைசியில் ஜமைக்காவில் மென்டோ என்ற அவ்வூர் நாட்டுப்புற இசையும் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸும் சேர்ந்து பிறந்தது ஸ்கா. 1979இல் கோவென்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் டூ-டோன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்க, பங்க் ராக் இசையோடு கலந்து மறுபடி எழுந்தது. அப்புறம் கலிஃபோர்னியாவில் ஆபரேஷன் ஐவி குழு வேகத்தை இன்னும் ஏற்றியது. எதனோடு கலந்தாலும், இரண்டு தட்டுக்கு நடுவே கிட்டார் 'சக்'கென்று வெட்டுவது மட்டும் மாறவில்லை. அதற்குத்தான் பெயர் கேட்கிறேன். 'எதிரடி'?

ஆசிரியை:
யாரோ யாரையோ திருப்பி அடித்த மாதிரி இருக்கிறது. 'அனாகதம்' என்று கச்சேரியில் சொல்வார்களே?

மிருதங்கக்காரர்:
அம்மா, அது பாட்டின் எடுப்பு, அதாவது தொடக்கம், தாளத்துக்குப் பின்னால் விழுவது. இங்கே பாட்டு முழுக்க ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் விழுகிறது. 'இடைத்தட்டு' போதுமே.

புலவர்:
முதலில் 'இசுகா' என்று எழுதுங்கள். ஒற்று மொழிமுதலில் வராது. சொல் புதிதாக எதற்கு? தாளத்தில் கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்று, தூக்கு இரண்டு, அளவு மூன்று என்று சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிலேயே இருக்கிறது. கிட்டார்க்காரர் கையும் கீழிருந்து மேலேதானே போகிறது? ஆகவே 'தூக்கு'. இன்னொன்றும் தோன்றுகிறது. மோனைக்கு முதலெழுத்து, எதுகைக்கு இரண்டாவது. முதல் தட்டை விட்டு அடுத்ததில் விழுவதால் 'எதுகைத் தட்டு'!

ஆசிரியை:
ஐயா, தூக்கு என்றதும் என் மாணவர்களுக்குச் சோற்றுத் தூக்குதான் ஞாபகம் வரும். எதுகைத் தட்டு அழகுதான், ஆனால் கவியரங்கத்துக்குப் போய்விடுவார்கள். 'இசுகா' என்று தேடினால் ஒரு பாட்டும் அகப்படாது.

மிருதங்கக்காரர்:
எதுகை பொருந்தவும் பொருந்தாது. இது இரண்டாவது தட்டு இல்லை, ஒரே தட்டின் பின்பாதி.

மொழிபெயர்ப்பாளர்:
இன்று வியாழன். தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் 'இடைத்தட்டு'க்கே ஆள் அதிகம். அதையே போட்டு அனுப்பிவிட்டேன். ஸ்கா, ஸ்காவாகவே இருக்கிறது.

புலவர்:
இடைத்தட்டு அலமாரியில் இருப்பது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். போகட்டும், டூ-டோனுக்கு என்ன போட்டீர்கள்? கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் நின்று வாசித்த இசை, கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் அடையாளம். 'இருநிறம்' என்றுதானே?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயோ. 'இருதொனி' என்று போயிருக்கிறது.