உபரிக் கரு தானம்: 10 ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

வணக்கம். சென்னை ஆய்வகம் ஒன்றில், ஐவிஎஃப் சிகிச்சையில் மிஞ்சிய கருக்களிலிருந்து புதிய ஸ்டெம் செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் மூலச் செல் தொகுதி) உருவாக்கும் திட்டம் நெறிமுறைக் குழுவில் நின்றுவிட்டது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான மரபுப் பிழை இருப்பதால் கருப்பைக்குள் வைக்காமல் உறைநிலையில் விட்ட கருக்கள் அவை. சேமிப்பில் 4 ஆண்டுகள் ஆகின்றன. தம்பதிக்குத் தானம் தர முழுச் சம்மதம், பணம் எதுவும் கைமாறவில்லை.

ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட 2017 வழிகாட்டுதல்கள் உபரிக் கருவுக்கு இடம் தருகின்றன. கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற வரம்பும் தடையில்லை, 5, 6 நாள் கருவே போதும். ஆய்வுக்கென்றே கரு உருவாக்குவதோ, சிகிச்சை குளோனிங்குக்கான அணுக்கரு மாற்றமோ திட்டத்தில் கிடையாது. இடிப்பது 2021 இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அதிகபட்சச் சேமிப்பு 10 ஆண்டு, அதன் முடிவில் கருவை அழியவிடலாம் அல்லது இச்சட்டப்படி பதிவான ஆய்வு நிறுவனத்துக்குத் தானம் தரலாம் என்கிறது. நடுவில் தருவது பற்றி அதில் தெளிவில்லை.

ஒப்புதல் படிவத்தைத் திருத்திக் கொடுத்தும் குழு அசையவில்லை. சட்ட ஆலோசகர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இச்சட்டப்படி அமைந்த மாநில வாரியத்துக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டமே தடை. கருவுக்குப் பதில் ஐபிஎஸ் செல் (தோல், ரத்தச் செல்லை மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்) சரிவராது: தோல், ரத்தச் செல்லின் பழைய எபிஜெனெடிக் தடயம் (எந்த மரபணு இயங்க வேண்டும் என்று காட்டும் குறி) மிஞ்சினால், ஆரம்பகட்ட வளர்ச்சி பற்றிய முடிவை நம்ப முடியாது.

2021க்குப் பிறகு, 10 ஆண்டு நிறையாத கருவை ஆய்வுக்குப் பெற எழுத்துபூர்வ அனுமதி வாங்கியவர்கள் இருந்தால், எந்த அமைப்பிடம், எந்த விதியைக் காட்டி வாங்கினீர்கள்?