ஜாவா வலைச்செயலிக்கான மேம்பாட்டுச் சூழல்: கணினியில் நேரடியாக நிறுவுவதா, டாக்கருக்குள் வைப்பதா?

புதுநிரலன்:
இரண்டு திட்டங்களை ஒரே கணினியில் இயக்க வேண்டியிருக்கிறது. பழையது ஜாவா 8-இல் எழுதப்பட்டு, வார் கோப்பாக (வலைச்செயலி முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) டாம்கேட் என்ற ஜாவா வலைச்சர்வரில் ஏற்றப்படுவது. புதியது ஸ்பிரிங் பூட் 3 என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதப்பட்டது என்பதால் ஜாவா 17-க்குக் குறைந்த எதையும் ஏற்காது. ஜேடிகே (ஜாவா மேம்பாட்டுக் கருவித்தொகுப்பு) 21-ஐயும் டாம்கேட் 10.1-ஐயும் நிறுவினேன். பழைய வார் கோப்பு சிக்கலின்றி ஏறிவிட்டதாகவே பதிவுக் கோப்பு சொல்கிறது, ஆனால் சர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) முகவரி எதைத் திறந்தாலும் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழை வருகிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நிரலை அதற்கு வேண்டியவற்றோடு தனிக் கொள்கலனில் இயக்கும் டாக்கருக்கு மாறிவிடலாமா?

கொள்கலன்:
தாராளமாக மாறுங்கள். எந்த ஜேடிகே, எந்த டாம்கேட், எந்த மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் என்பதை டாக்கர் கோப்பில் எழுதி மூலநிரலோடு சேர்த்து வைத்துவிட்டால், குழுவில் புதிதாகச் சேர்பவர் ஒரே கட்டளையில் வேலையைத் தொடங்கலாம். விண்டோஸில் நிறுவிய மைஎஸ்க்யூஎல் அட்டவணைப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்க்காது, லினக்ஸில் பார்க்கும். என் கணினியில் மாதக்கணக்கில் ஓடிய வினவல் ஒன்று, சர்வரில் ஏறிய அன்றே அட்டவணையைக் காணோம் என்று நின்றுபோனது இதனால்தான்.

நேர்வழி:
உடன்படவில்லை. டாக்கர் கோப்பிலும் டாம்கேட் 10.1 என்றே எழுதினால், இதே 404 கொள்கலனுக்குள்ளிருந்து வரும், அவ்வளவுதான். சர்வர் நிரல்களுக்கான ஜாவா தரமான ஜாவா ஈஈ ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறி ஜகார்த்தா ஈஈ என்று பெயர் மாறிய பிறகு, 2020-இல் வந்த அதன் 9-ஆம் பதிப்பில் ‘ஜாவாக்ஸ்.சர்வ்லெட்’ என்ற பொதியின் பெயர் ‘ஜகார்த்தா.சர்வ்லெட்’ என்று மாற்றப்பட்டது. டாம்கேட் 9 பழைய பெயரை மட்டுமே அறியும். 10 முதல் புதிய பெயரை மட்டுமே அறியும். உங்கள் சர்வ்லெட்களின் மேலுள்ள அனோடேஷன் (சர்வ்லெட்டை அடையாளம் காட்டும் குறிப்பு) பழைய பெயரில் இருப்பதால், டாம்கேட் அதை யாரோ என்று கடந்துபோய்விடுகிறது; பிழைச் செய்தி வராததற்கும் அதுவே காரணம். டாம்கேட் 9-க்கு இறங்குங்கள். இல்லையென்றால் வார் கோப்பை ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ’ என்ற கோப்புறையில் இடுங்கள், டாம்கேட் 10 தானே பெயர்களை மாற்றிக்கொள்ளும்.

இன்னொன்றையும் பாருங்கள். முனையத்தில் தட்டும் ஜாவா கட்டளை ‘பாத்’ மாறியைப் பின்பற்றுகிறது. தொகுப்புக் கருவியான மேவனோ ‘ஜாவா ஹோம்’ மாறியை முதலில் பார்க்கிறது. நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ தனக்கென்று மூன்றாவதாக ஒரு ஜேடிகேயை வைத்திருக்கும். மூன்றும் மூன்று திசையில் இருந்தால், 17-இல் தொகுத்த கிளாஸ் கோப்பை 8-இல் ஓட்டப் பார்த்து, ‘பதிப்பு 61, நான் அறிந்தது 52 வரை’ என்ற பிழையில் போய் முட்டுவீர்கள்.

கொள்கலன்:
404-க்கான காரணத்தை ஒப்புக்கொள்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் இப்போது சொன்ன மூன்று ஜேடிகே குழப்பத்தில் பெரும்பகுதி, கொள்கலனுக்குள் ஒரே ஜேடிகே இருந்தால் எழுமா? இரண்டு டாம்கேட்கள் 8080, 8005 என்ற போர்ட் எண்களுக்காக அடித்துக்கொள்வதும் இராது.

நேர்வழி:
போர்ட் எண்ணை டாம்கேட்டின் சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் மாற்ற ஒரு நிமிடம் போதும். கொள்கலனுக்குள் ஓடும் ஜாவாவோடு டீபக்கரை (பிழைதேடும் கருவி) இணைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஜாவா 9 முதல், 5005 என்று போர்ட்டை மட்டும் கொடுத்தால் அது உள்முக இணைப்பை மட்டுமே ஏற்கும். முன்னால் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் சேர்க்காதவரை வெளியிலிருந்து இணைய முடியாது. புதியவர் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். தரவுத்தளத்தை மட்டும் டாக்கரில் வையுங்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. அட்டவணைப் பெயர் விவகாரத்துக்கு அதுவே போதும்.

புதுநிரலன்:
டாம்கேட் 9-இல் பக்கங்கள் திறந்துவிட்டன. மேவன் இவ்வளவு நாளும் வேறு ஜேடிகேயைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதும் தெரிந்தது. மைஎஸ்க்யூஎல்லைக் கொள்கலனில் வைத்துவிட்டேன். புதிய திட்டத்துக்கும் தனி டாம்கேட் தேவையா?

நேர்வழி:
தேவையில்லை. ஸ்பிரிங் பூட் தன்னுள்ளேயே டாம்கேட்டைச் சுமந்து வருகிறது.

கொள்கலன்:
நல்லது. பழைய திட்டத்துக்கு டாம்கேட் 9-தான் வேண்டும் என்பதை எங்கே எழுதி வைத்தீர்கள்?

நேர்வழி:
மேவனின் என்ஃபோர்சர் செருகுநிரலில் ஜாவா பதிப்பைக் குறித்துவிட்டால், தவறான ஜேடிகே இருக்கும்போது தொகுப்பு அங்கேயே நின்றுவிடும்.

கொள்கலன்:
அது ஜேடிகேக்கு. நான் கேட்டது டாம்கேட்டை.