ஊர் சிம் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்

கனடாவுக்கு வந்து நான்காவது மாதம். ஜனவரி இரவு ஒன்பது மணி, ஸ்கார்பரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டால், ஓடிடி கணக்கின் பாஸ்வேர்டு தவறு என்றது. இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். அதற்குள் திருநெல்வேலியிலிருந்து அம்மா கூப்பிட்டார். அங்கே காலை ஏழரை. "எய்யா, நம்ம டிவில என்னமோ நம்பர் கேக்குய்யா, நேத்து விட்ட நாடகம் வரவே இல்ல."

மெயிலைத் திறந்தால் மூன்று மணி நேரத்துக்கு முன்பு வந்த ஒரு தகவல் கிடந்தது: உங்கள் கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாற்றப்பட்டுவிட்டது. மாற்றியது நான் இல்லை. மீட்கலாம் என்று போனால், ஓடிபியை என் ஊர் நம்பருக்கு அனுப்புகிறேன் என்றது. அந்த சிம் சூட்கேஸின் பக்கவாட்டு ஜிப்பில் இருந்தது. எடுத்துப் போனில் போட்டேன். சிக்னலே வரவில்லை. வந்த நாளிலிருந்து அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு இதை எழுதக் காரணம் அந்த சிம்தான். படம் பார்க்கும் கணக்கு போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் அதே நம்பரில்தான் வங்கி, ஆதார், மெயில் எல்லாமே தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஓடிடி பூட்டிக்கொள்வது முதலில் கண்ணில் படுகிற அறிகுறி, அவ்வளவுதான்.

இப்போது மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் முதலில் மெயிலைக் காப்பாற்றுங்கள். ஓடிடி பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வரும். மெயில் இன்னொருவர் கையில் இருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் வீண். ஜிமெயிலே திறக்கவில்லை என்றால், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய கருவியிலிருந்து, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து முயலச் சொல்கிறது கூகுள். இங்கே வாங்கிய புதுப் போனில், புது வீட்டு வைஃபையில் முயன்றால் நீங்கள்தான் என்று அது நம்புவது கடினம். ஊர் வீட்டில் உங்கள் பழைய லேப்டாப் இருந்தால் தம்பியையோ தங்கையையோ வீடியோ காலில் வைத்துக்கொண்டு, அதே வீட்டு இணையத்தில், அதே பிரௌசரில் செய்யச் சொல்லுங்கள். என் அறைத் தோழருக்கு இங்கிருந்து பல முறை முயன்றும் திறக்காத மெயில், கோவில்பட்டியில் தங்கை லேப்டாப்பைத் திறந்ததும் முதல் தடவையிலேயே திறந்தது.

மெயில் கைக்கு வந்த பிறகு ஓடிடி. நீங்கள் கேட்காமலே மெயிலில் வரும் பொத்தானை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற வழியில் செல்லுங்கள். பதிவு செய்த மெயிலும் நம்பரும் நினைவில்லை என்றால், பெயரையும் பணம் கட்டிய அட்டையின் எண்ணையும் கொடுத்துக் கணக்கைத் தேடும் வசதி நெட்ஃபிளிக்ஸில் சில நாடுகளில் உண்டு. என்னைப்போல முகவரியையே யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால், ஓடிடி நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கும் உதவிப் பக்கம் வழியாக ஆளிடம் பேசுவதுதான் வழி. பேசும் முன் பழைய மெயில் முகவரி, அட்டையின் கடைசி நான்கு எண்கள், கடைசியாகப் பணம் பிடித்த தேதி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வங்கி ஸ்டேட்மென்ட்தான் கைகொடுத்தது. நாற்பது நிமிடச் சாட்டில் கணக்கு திரும்பி வந்தது.

கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். போலி நம்பர்களை அங்கே விதைத்து வைத்திருக்கிறார்கள். எனிடெஸ்க் போன்ற ஆப்பை இறக்கச் சொல்லி, உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே வங்கிப் பணத்தை எடுத்துவிடுவார்கள். இதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அங்கே பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். இங்கே கனடாவில் சந்தேகமான எஸ்எம்எஸ் வந்தால், அதைப் புகார் செய்வதற்கான 7726 என்ற எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யுங்கள்.

உள்ளே போனதும் பலர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானையும் அழுத்த வேண்டும். எந்தக் கருவியில், எந்த ஊரில், எப்போது பார்த்தார்கள் என்பதை நெட்ஃபிளிக்ஸ் காட்டும், மற்றவற்றிலும் தேடிப் பாருங்கள். என் கணக்கின் பட்டியலில் நான் கால் வைத்தே இராத ஒரு நாட்டின் டிவி மூன்று வாரமாக இருந்தது. எனக்குத் தெரியாத பெயரில் ஒரு புரொஃபைலும் இருந்தது. மூன்று வாரமாக யாரோ நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது.

எப்படி நுழைந்தார்கள்? அந்தப் பாஸ்வேர்டைக் கல்லூரிக் காலத்தில் ஒரு சின்ன டிக்கெட் தளத்திலும் போட்டிருந்தேன். ஒரு தளத்தில் கசிந்த மெயிலையும் பாஸ்வேர்டையும் எடுத்து, வேறு நூறு தளங்களில் இயந்திரத்தை வைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். 2024-இல் டிவியில் ஓடிடி பார்க்கும் கருவிகளை விற்கும் அமெரிக்காவின் ரோக்கு நிறுவனத்தில் சுமார் 5,76,000 கணக்குகளுக்குள் இப்படித்தான் புகுந்தார்கள். அதன் பிறகு எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனையை, ரோக்கு கட்டாயமாக்கியது. உங்கள் மெயில் முகவரி எங்காவது கசிந்திருக்கிறதா என்பதை இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹண்ட் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எல்லாப் பூட்டும் திருட்டு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் குடியேறியதும் ஊர் சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அப்போது பழைய டெபிட் கார்டு மாறலாம். மாறினால், அதில் கொடுத்திருந்த தானியங்கிக் கட்டணம் நின்று, ஓடிடி கணக்கும் நிற்கும். பதறாமல் முதலில் பணம் கட்டும் பக்கத்தைப் பாருங்கள். வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் இலவச விபிஎன் ஆப்பைப் போட்டு நாடு நாடாகத் தாவினாலும் சந்தேகப்பட்டுப் பூட்டக்கூடும். அந்த இலவச ஆப்களை நம்பி உங்கள் இணையப் போக்குவரத்தையே ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி சிம்முக்கு வருகிறேன். இந்தியாவில் ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். ஓடிபி எஸ்எம்எஸ் வந்துகொண்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், வரும் எஸ்எம்எஸ் பயன்பாட்டுக் கணக்கில் சேராது. அழைப்பு, டேட்டா, வெளியே போகும் எஸ்எம்எஸ் ஆகியவைதான் சேரும். துண்டித்த நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். யோசித்துப் பாருங்கள், உங்கள் வங்கி ஓடிபி முகம் தெரியாத ஒருவரின் போனில் வந்து விழும். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அது உங்கள் கையில் இல்லை.

எனவே கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கி, சிம்மையும் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டு சிம் போடும் போனில் ஒன்று ஊருக்கு, ஒன்று இங்கே. ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டிலிருந்துகூடச் செய்துவிடலாம். இரண்டு நம்பரும் வேலை செய்யும் அந்த முதல் இரண்டு வாரத்தில் உட்கார்ந்து, எங்கெல்லாம் மாற்ற முடியுமோ அங்கெல்லாம் புது நம்பரைக் கொடுங்கள். பழைய நம்பர் செத்த பிறகு இதைச் செய்வது மலையைப் புரட்டும் வேலை. விடுமுறையில் ஊருக்குப் போய் டூப்ளிகேட் சிம் வாங்குபவர்கள் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவில்லை என்று கலங்க வேண்டாம். சிம் மோசடியைத் தடுக்க அப்படி நிறுத்தி வைக்கிறார்கள். விமானம் ஏறும் நாளில் வாங்கினால்தான் சிக்கல்.

அம்மாவின் போனில் சிம்மைப் போட்டுவிட்டு, ஓடிபி வந்தால் படித்துச் சொல்லச் சொல்பவர்கள் நிறையப் பேர். பிறகு நானும் சில மாதம் அப்படித்தான் செய்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "சரியாய்யா?" என்று அம்மா கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதைவிடக் கவலை, போனில் கேட்பவருக்கு ஓடிபி சொல்வது அவருக்குப் பழகிவிடுகிறது. நாளை வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் கேட்டாலும் சொல்லிவிடுவார். அதனால் அதை நிறுத்திவிட்டேன். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக, போனிலேயே கோடு உருவாக்கிக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை ஏற்கும் இடங்களில் எல்லாம் அதற்கு மாறிவிட்டேன், அமேசானும் கூகுளும் ஏற்கின்றன. கூகுளில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டால் 10 பேக்கப் கோடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு. தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன். போன் தொலைந்து, சிம்மும் இல்லாத அன்று அந்தத் தாள்தான் நம்மைக் காப்பாற்றும். பாஸ்வேர்டு தளத்துக்கு ஒன்றாக, நீளமாக இருக்கட்டும், நினைவில் வைக்க ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போதும்.

அம்மாவுக்கு அவர் நம்பரிலேயே தனிக் கணக்கு எடுத்துக் கொடுத்தேன். நெட்ஃபிளிக்ஸ் இப்போது ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு என்கிறது, 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் அப்படித்தான். ஸ்கார்பரோவும் திருநெல்வேலியும் ஒரு வீடாகாது. எடுத்த அன்று காலை ஏழரைக்கு அம்மா கூப்பிட்டு, "இப்ப யாரையும் கேக்காமலே வருதுய்யா" என்றார்.